ஆழாக்கு அரிசி: தனித்து வாழ்வோரின் அடுப்படி பற்றிய ஓர் ஆராய்ச்சி

சமையல் என்பது பிறருக்காகச் செய்யப்படும் காரியம் என்ற எண்ணம் தமிழர் வாழ்வில் மிகப் பழமையானது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியதாகப் புறநானூற்றில் 182-ஆம் பாட்டாக நிற்கும் செய்யுள், தேவர்க்குரிய அமிழ்தமே கைக்கு வந்தாலும் அதனைத் தனித்து உண்ணாத பெரியோர் இருப்பதனாலேயே இவ்வுலகம் நிலைபெற்றிருக்கிறது என்ற கருத்தை முன்வைக்கிறது. ஈகையைப் பற்றிப் பேசப் புகுந்த வள்ளுவரும், சேர்த்துவைத்த பொருளைத் தாமே தனியாக இருந்து உண்பதைப் பிச்சை எடுப்பதினும் இன்னாததாக வைக்கிறார். இந்தச் சம்பிரதாயத்தின் உச்சத்தைக் காண விரும்புவோர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் வரவேண்டும். ஏனெனில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக நாச்சியார் திருமொழியில் நேர்ந்துகொண்டவள் இவ்வூர் ஆண்டாள். அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் ராமானுஜரே முன்னின்று நிறைவேற்றினார் என்று வைணவப் பெரியோர் சொல்லிவருகிறார்கள்.

நூறு தடாக் கணக்கில் ஆகாரத்தை நினைத்துப் பழகிய இந்த வட்டாரத்திலேதான், இன்று ஒரு சிறிய குக்கரில் ஆழாக்கு அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன செய்வது என்று அடுப்படியில் நின்று யோசிக்கும் ஒண்டிக்கட்டைகளின் தொகை வளர்ந்துவருகிறது. இவர்களைப் பழைய நூல்கள் பழித்ததாகக் கொள்வது பிழை. அந்நூல்கள் கடிந்தது, பசித்தவன் வாசலில் நிற்கக் கதவைச் சாத்திக்கொண்டு உண்ணும் உலோபியையேயன்றி, உடன் உண்ண ஆளில்லாமல் உண்பவனை அன்று. ஆயினும், தனித்து வாழ்பவர் எப்படிச் சமைக்கவேண்டும், எதைச் சமைக்கவேண்டும், எதைச் சமைக்காமல் விடவேண்டும் என்ற விஷயத்தில் நம் சமூகம் அவருக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை என்பது உண்மை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரண்டு ஊர்களையும் களமாகக் கொண்டு அந்தக் கேள்வியை முழுமையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனித்து வாழ்வோர் யாவர்?

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடியில், ஏறக்குறைய 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கும் இவ்விரு ஊர்களும் குணத்தில் வேறானவை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலையும், மாட வீதிகளையும், மாவட்ட நீதிமன்றத்தையும், பால்கோவாவையும் கொண்டு ஜீவிக்கும் ஊர். ராஜபாளையமோ, 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை நிறுவிய நாள் தொட்டுப் பஞ்சையும் நூலையும் நம்பி வளர்ந்த ஊர். 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போடப்பட்ட இருப்புப்பாதை இரண்டையும் ஒரே சரட்டில் கோத்தது. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி ராஜபாளையம் நகராட்சியில் ஏறக்குறைய 1,30,000 பேரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறக்குறைய 75,000 பேரும் வாழ்ந்தனர்.

இவ்வூர்களில் தனித்து வாழ்வோரை நான்கு வகையாகப் பகுக்கலாம். முதலாவது, ஆலைத் தொழிலாளர். தொடக்க காலத்தில் இவர்களிற் பெரும்பாலோர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து, சங்கு ஊதியதும் வேலைக்குள் புகுந்து, மீண்டும் சங்கு ஊதியதும் வீடு திரும்பியவர்களாதலால், தனிச் சமையல் என்ற பிரச்சினை அவர்களுக்கு எழவில்லை. பிற்காலத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து இளைஞர்கள் வரத்தொடங்கிய பின்னரே, விடுதியறையில் கோதுமை மாவு பிசைந்து தாமே ரொட்டி சுடும் காட்சி இங்கே சகஜமாயிற்று. இரண்டாவது வகையினர், மாற்றலாகி வரும் உத்தியோகஸ்தர்: பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், நீதிமன்றச் சிப்பந்தி, ரயில்வேக்காரர், குடும்பம் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்க, வாரக்கடைசியில் மட்டும் வீட்டைக் காண்பவர். மூன்றாவது, கல்வியை முன்னிட்டு வருவோர். 1984-இல் கிருஷ்ணன்கோவிலில் தொடங்கப்பட்ட கலசலிங்கம் பொறியியற் கல்லூரி, பின்னர்ப் பல்கலைக்கழகமாகி வெளிமாநில மாணவர்களையும் ஈர்த்ததனால், விடுதிச் சாப்பாட்டுக்குப் புறத்தே தனி அறை எடுத்துப் பொங்கித் தின்னும் பிள்ளைகள் உண்டாயினர்.

நான்காவது வகையினரே எண்ணிக்கையிலும் துன்பத்திலும் முதன்மையானவர். அவர்கள், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அயல்நாட்டுக்கும் போய்விட, துணையையும் இழந்து, சொந்த வீட்டிலேயே தனித்து நிற்கும் முதியோர். 2017–18-இல் இந்திய முதியோரைப் பற்றி நாடு தழுவி நடத்தப்பட்ட ஆய்வு, 60 வயது கடந்தவருள் நூற்றுக்கு 5.7 பேர் தனியே வாழ்வதாகக் கண்டது. தமிழ்நாட்டில் அந்த விகிதம் இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. தனி வாழ்வு என்றதும் சென்னைத் திருவல்லிக்கேணி மேன்ஷனில் குடியிருக்கும் வாலிபனையே நினைப்பது நம் பத்திரிகைகளின் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவொன்றில், காலையில் பொங்கியதை இராத்திரிக்கும் வைத்துக்கொண்டு நாளை ஓட்டும் எழுபது வயது மூதாட்டியே இந்த விஷயத்தின் மெய்யான உதாரணம்.

அளவின் இடர்ப்பாடு

தனிச் சமையல் செய்வோரை விசாரித்தால், நேரமில்லை என்றும், அலுப்பாயிருக்கிறது என்றும், ஒருவனுக்காக எதற்கு இத்தனை பாடு என்றும் காரணம் சொல்வார்கள். இவற்றின் அடியில் கிடக்கும் காரணம் வேறு. அது அளவைப் பற்றியது. நம் சமையல் முறைகள் யாவும் ஐந்தாறு பேர் உண்ணும் வீட்டை மனத்தில் வைத்துப் பக்குவம் பார்க்கப்பட்டவை. நான்கு பேருக்குச் சொல்லப்பட்ட சாம்பாரை நான்கால் வகுத்து ஒருவருக்கு வைக்க முற்படுபவர், பருப்பு அடிப்பிடிப்பதையும், புளி தூக்கலாவதையும், குழம்பு கெட்டியாகிக் களிபோல் நிற்பதையும் கண்டு தம் கைராசியை நொந்துகொள்கிறார். குற்றம் கையில் இல்லை. பாத்திரத்தில் பொருள் குறையக் குறைய, அதன் கன அளவை நோக்க நீர் ஆவியாகும் பரப்பு அதிகப்படுகிறது. ஆகவே ஒருவருக்கு வைக்கும் சோற்றுக்கும் குழம்புக்கும், கணக்குப்படி வரும் நீரைவிடச் சற்று அதிகமாகவே ஊற்றவேண்டும். தீயையும் பாதிக்கு மேல் ஏற்றலாகாது. பாத்திரமும் வாயகன்றதாக இருத்தல் கூடாது.

தாளிப்பும் இத்தகையதே. பெரிய வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால், அது பரவி, கடுகு வெடிப்பதற்குள் உளுத்தம்பருப்பு கருகிவிடும்; அதற்காகவே நம் பாட்டிமார் குழிந்த இரும்புக் கரண்டியொன்றைத் தனியே வைத்திருந்தார்கள். அந்தக் கரண்டியை நேரே தீயில் பிடித்து, எண்ணெய் காய்ந்தபின் கடுகைப் போட்டு, அது வெடித்து அடங்குகையில் பெருங்காயத்தையும் கறிவேப்பிலையையும் சேர்த்து, கரண்டியோடு ரசத்துக்குள் அமிழ்த்தினால், அரைச் செம்பு ரசத்துக்கும் விருந்து வீட்டு மணம் வந்துவிடும். தனித்து வாழப் புகுவோர் முதலில் வாங்கவேண்டிய பொருள் எது என்று கேட்டால், மின்சாரக் கருவிகளுக்கெல்லாம் முன்பாக இந்தக் கரண்டியையே சொல்லலாம்.

ஒருவருக்குரிய அளவு என்ற ஒன்றை நம் முன்னோர் அறியாதவரல்லர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று போகும் பழைய வாய்ப்பாட்டில், படியில் எட்டில் ஒரு பங்காகிய ஆழாக்கு, நன்றாக உண்ணும் ஓர் ஆளின் ஒரு வேளைச் சோற்றுக்கோ, சிறிதாக உண்பவரின் இரண்டு வேளைக்கோ ஏறக்குறையச் சரியாக அமைவது. 1956-இல் எடையளவைச் சட்டம் வந்து, மெட்ரிக் முறை படிப்படியாக நாடெங்கும் நிலைபெற்றபின், கடையில் அரிசி கிலோவாயிற்று. வீட்டு அரிசிப் பானைக்குள்ளோ ஆழாக்கும் உழக்கும் இன்றும் கிடக்கின்றன. கிலோவில் வாங்குவது வியாபாரத்துக்குச் சௌகரியம். ஆழாக்கில் அளப்பது வயிற்றுக்குச் சௌகரியம்.

அரசாங்கம் அளக்கும் முறையில் மட்டும் இந்த முரண் ஓரளவு தீர்ந்திருக்கிறது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் விலையின்றி வழங்கப்படும் அரிசி, அட்டைக்குக் குறைந்தது 12 கிலோவாகவும் அதிகபட்சம் 20 கிலோவாகவும் வரையறுக்கப்பட்டது. துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்கும் அட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்றே கொடுக்கப்படுவதால், ஐவர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரமும் காணாத பருப்பு, தனித்து வாழும் மூதாட்டிக்கு மாதம் முழுவதும் கணக்காக வந்துவிடுகிறது. குடும்பத்தை நினைத்து வகுக்கப்பட்ட திட்டம் ஒன்று தனியாளுக்கு அனுகூலமாக அமைந்த அபூர்வமான உதாரணம் இது.

கருவிகள் வந்த வரலாறு

தனியாளின் சமையலுக்கென்றே கருவி காணும் முயற்சி நம் நாட்டில் நூறாண்டு கடந்தது. 1910-இல் வங்காளத்து இந்துமாதவ மல்லிக் என்பவர், கரியடுப்பின்மேல் அடுக்குப் பாத்திரங்களை நிறுத்தி, நீராவியில் சோறு, பருப்பு, காய் மூன்றும் ஒருங்கே வேகும்படியாக இக்மிக் குக்கரை உண்டாக்கினார். தீயை மூட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர் திரும்பிவரும்போது சாப்பாடு ஆயத்தமாக இருக்கும் என்பதே அதன் தாத்பரியம். தமிழ்நாட்டில் அதே தத்துவத்தில் ருக்மணி குக்கர் பேர்பெற்று விளங்கிற்று. ஊர் விட்டு ஊர் சென்ற குமாஸ்தாக்களும், ஆசாரம் கருதி வெளியில் உண்ணாதவர்களும் அதனைப் பிரயாணங்களிலும் சுமந்து சென்றார்கள். அதன்பின் மண்ணெண்ணெயில் எரியும் பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் ஒற்றை அறைவாசிகளுக்குப் பல்லாண்டு துணைநின்றன. சுவரில் படியும் கரியும் சோற்றில் ஏறும் மண்ணெண்ணெய் வாடையும் அக்கால பிரம்மச்சாரி வாழ்வின் பிரிக்கமுடியாத அம்சங்கள்.

1955-இல் ஜப்பானில் தோஷிபா ஸ்தாபனத்தார் மின்சாரத்தில் சோறு ஆக்கும் பாத்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அந்நாட்டில் இன்று நூறு வீடுகளில் 38 தனியாள் வீடுகளாக இருப்பதையும், அங்கே ஒருவருக்கென்றே சிறுபாத்திரங்கள் செய்து விற்கப்படுவதையும் ஒருங்கு நோக்கினால், கருவி சமூகத்தைப் பின்தொடரும் விதம் விளங்கும். நம் நாட்டில் 1950-களின் இறுதியில் பிரஷர் குக்கர் உற்பத்தி தொடங்கியது. ஆயினும் நெடுங்காலம் 5 லிட்டர் குக்கரே வீட்டு இலட்சணமாகக் கருதப்பட்டு, 2 லிட்டர் குக்கர் கலியாணச் சீரில் இடம்பெறாத பொருளாகவே இருந்தது. எரிவாயுவும் அவ்விதமே, 14.2 கிலோ உருளைக்குத்தான் வீட்டு இணைப்பு என்ற நிலையில், முகவரி அத்தாட்சி இல்லாத அறைவாசி திண்டாடினான். 5 கிலோ உருளை சந்தைக்கு வந்தபின்னரே அவனுக்கு நேரான வழி திறந்தது.

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியதையும் இங்கே குறிப்பிடவேண்டும். மிக்சி தனியாளுக்கும் பயன்படுகிறது. ஒரு கைப்பிடி தேங்காயும் இரண்டு மிளகாயும் அதற்குப் போதும். கிரைண்டரோ அப்படியன்று. கல்லும் மாவும் ஒன்றோடொன்று உரசுவதற்குக் குறைந்தபட்ச அளவொன்று வேண்டும். ஆழாக்கு அரிசியைப் போட்டால் கல் வெறுமனே சுற்றும். அரைத்த மாவைவிடக் கல்லில் ஒட்டி வீணாகும் மாவே அதிகம். எனவே தனித்து வாழ்வோர் பலர் வீட்டில் அந்தக் கிரைண்டர் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் அமர்ந்திருக்கிறது. இந்தச் சிறு விஷயம் நம் விசாரணையின் மையத்துக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது: எந்தப் பதார்த்தம் ஒருவருக்குச் சுருங்கும், எது சுருங்காது?

எது வீட்டில், எது வீதியில்?

தனியாள் சமையலைக் குடும்பச் சமையலின் சிறு வடிவமாகக் கொள்வதே இத்துறையில் நேரும் தவறுகளுக்கெல்லாம் மூலம். அது வேறொரு கலை; வீட்டுக்கும் வீதிக்கும் இடையே செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம் என்றே அதனைச் சொல்லவேண்டும். பலருக்காக ஆக்கும்போது மட்டுமே சுவையும் சிக்கனமும் கூடிவரும் பதார்த்தங்களை ஊரிடம் விட்டுவிட்டு, ஒருவருக்காக ஆக்கினாலும் குறைவுபடாதவற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்பவரே இக்கலையில் தேர்ந்தவர்.

இட்லி மாவு ஊருக்குரியது. தெருமுனையில் கவரில் கட்டி விற்கும் மாவை வாங்கினால், முதல்நாள் இட்லியாகவும், மறுநாள் தோசையாகவும், புளிப்பு ஏறிய மூன்றாம் நாள் வெங்காயம் கிள்ளிப் போட்ட குழிப்பணியாரமாகவும் அது தனியாளுக்கு உதவும். புரோட்டாவும் சால்னாவும் ஊருக்குரியவை. மாவை அடித்து வீசுவதற்குக் கல்லும் ஆளும் வேண்டும், சால்னாவோ அண்டாவில் கொதித்தால்தான் சால்னா. வடை, பூரி, பிரியாணி முதலியனவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. பால்கோவாவைச் சொல்லவே வேண்டியதில்லை. பாலைச் சர்க்கரையிட்டுச் சுண்டக் காய்ச்சி, கை ஓயாமல் கிண்டி எடுக்கும் அந்தப் பண்டத்தை, அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே எவரும் ஒருவருக்காக வீட்டில் காய்ச்சுவதில்லை.

சோறு வீட்டுக்குரியது, ரசமும், துவையலும், கீரை மசியலும், முட்டைப் பொரியலும், மோரும் வீட்டுக்குரியவை. இவற்றுக்கு நடுவே மூன்றாவது இனம் ஒன்று உண்டு: ஒருமுறை செய்து பலநாள் வைத்துக்கொள்ளத்தக்கவை. வற்றக்குழம்பு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தக்காளித் தொக்கு ஆகியன இந்த இனம். புளியின் அமிலமும், மிதக்கும் நல்லெண்ணெயும், சுண்டிய நீரும் சேர்ந்து நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுப்பதால், வற்றக்குழம்பு எளிதில் கெடாது; இரண்டாம் நாள் முதல்நாளைவிட ருசிக்கவும் செய்யும். பருப்பு கரைந்த சாம்பாரும் தேங்காய் அரைத்த கூட்டும் வெயில் காலத்தில் மாலைக்குள் ஊசிப்போகும். ஆகவே சாம்பாரில் மனம் போகும் நாளில் மெஸ்ஸை நாடுவதும், மற்ற நாளில் வற்றக்குழம்பைக் கொண்டு சமாளிப்பதும் விவேகம்.

இந்த ஒப்பந்தம் நடைபெறுவதற்கு ஊர் தன் பங்கைச் செய்யவேண்டும். இவ்விஷயத்தில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் பெருநகரங்களைவிடத் தாராளமானவை என்பது நம் அபிப்பிராயம். பெருநகரத்துப் பேரங்காடியில் காய்கறி அரைக் கிலோ உறையில் அடைபட்டுக் கிடக்கும். இங்கே சாக்கை விரித்து அமர்ந்திருக்கும் வியாபாரப் பெண்மணி கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருக்கிறார். ஒரு கூறில் ஐந்தாறு காய். அதற்குள் ஒரு சிறு வெண்டையையும் பாதி முருங்கைக்காயையும் சேர்த்து, “சாம்பாருக்குப் போதும் தம்பி” என்று பையில் போட்டு, கேளாமலே கறிவேப்பிலையும் இரண்டு இணுக்கு மல்லித்தழையும் கொசுறாகத் தருகிறார். அந்தக் கொசுறு இல்லாவிட்டால், தனியாள் ஒரு கட்டு மல்லித்தழையை வாங்கி முக்கால் கட்டை அழுகவிடவேண்டியிருக்கும். மளிகைக் கடையிலும், “அண்ணாச்சி, பத்து ரூபாய்க்கு உளுந்து” என்று கேட்டால், முகம் சுளிக்காமல் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை முறை இம்மாவட்டத்திலும் பரவியபின், காலையில் பறித்த காயைச் சில்லறையாகப் பெறும் வசதி கூடிற்று. அன்றாடங்காய்ச்சிகளுக்காக ஏற்பட்ட இந்தச் சில்லறை வியாபாரமே, சம்பளக்காரரான தனியாளுக்கும் எவரும் திட்டமிடாத சகாயமாக வாய்த்தது.

மெஸ் என்னும் ஸ்தாபனமும் இந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு. நீதிமன்ற ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்குக்கு வந்தோரும் குமாஸ்தாக்களும், தேர்த்திருவிழாவுக்கு வரும் யாத்ரிகரும் சாப்பாட்டுக் கடைகளை வளர்த்தனர். முன்னாளில் எடுப்புச் சாப்பாடு என்ற பேரில் அடுக்குப் பாத்திரத்தில் போன உணவே இப்போது பார்சலாகப் போகிறது. குழம்பு, ரசம், பொரியல் மட்டும் தனியே விலைக்குக் கிடைக்குமானால், சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டு குறைந்த செலவில் நிறைந்த சாப்பாடு உண்ணத் தனியாளால் முடிகிறது. இதை ஒத்த ஏற்பாடு மும்பையின் ஆலைப் பகுதியில் முன்பு பெரிய அளவில் இருந்தது. கொங்கணத்திலிருந்து தனியே வந்த நெசவாலைத் தொழிலாளருக்கு, அங்கே குடியிருந்த பெண்கள் தம் வீட்டிலேயே சமைத்துப் போட்டு மாதப் பணம் வாங்கினர். அப்பெண்களை ஒன்றுசேர்த்து 1975-இல் பிரேமா புரவ் தொடங்கியதே அன்னபூர்ணா மகிளா மண்டலம்.

நம் ஆலைகளில் அந்த வேலையைச் சட்டம் செய்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவகம் அமைப்பதையும், 150 பேருக்கு மேற்பட்ட இடத்தில் கொண்டுவந்த சோற்றை உட்கார்ந்து உண்ண அறை அமைப்பதையும் நிர்வாகத்தின் பொறுப்பாக விதித்தது. கோயில்களில் 2002 முதல் நடைபெறும் அன்னதானத் திட்டமும், 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு சென்னையில் தொடங்கிய அம்மா உணவகமும், வீதி ஏற்கும் பங்கை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதன் அடையாளங்கள்.

சத்தும் சுகாதாரமும்

தனித்து உண்போரின் ஆரோக்கியத்தில் இரண்டு குறைகள் பொதுவாகத் தென்படுகின்றன. முதலாவது, காய்கறியும் பருப்பும் குறைந்து, சோறும் ஊறுகாயும் அப்பளமும் மிகுதல். ஒருவன் உட்கொள்ளும் உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிற்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வற்புறுத்துகிறது. ஊறுகாயையே கறியாகக் கொள்பவர் அந்த எல்லையைத் தாண்டுவது எளிது. இதற்குப் பரிகாரம் நாள்தோறும் பொரியல் செய்வதன்று. சோறு வேகும் குக்கரிலேயே ஒரு கிண்ணத்தில் பருப்பையும் நறுக்கிய காயையும் வைத்துவிட்டால், இக்மிக் குக்கர் கண்ட யுக்தியே இன்றும் கைகொடுக்கும்.

இரண்டாவது குறை, மீந்ததைக் கையாளும் விதம். வடித்த சோற்றிலும் உயிரோடு தப்பி நிற்கும் நுண்ணுயிர் வித்துகள் உண்டு. அறை வெப்பத்தில் நெடுநேரம் திறந்து கிடக்கும் சோற்றில் அவை பெருகி வயிற்றைக் கெடுக்கும். சூடாக்குவதால் மட்டும் அவை விட்டுச்சென்ற நஞ்சு போய்விடாது. குளிர்பெட்டி உள்ளவர் ஆறியதும் அதில் வைத்துவிடுதல் வேண்டும். அது இல்லாத காலத்தில் நம்மவர் இராச் சோற்றில் நீரூற்றி வைத்தனர். லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் புளிக்கச் செய்யும் அந்தப் பழைய சோறு, மோரும் சின்ன வெங்காயமும் சேரும்போது தனியாளின் காலை ஆகாரத்துக்கு உகந்ததாகிறது. சுத்தமான நீரும் மூடிய பாத்திரமும் அதற்கு நிபந்தனை. முதியோர் விஷயத்தில் வேறொரு ஜாக்கிரதையும் தேவை: ஒருவருக்குத்தானே என்று ஒரு வேளையைத் தள்ளிவிடும் வழக்கம் சிக்கனமாகத் தொடங்கிப் பலவீனமாக முடிகிறது. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையில் மருந்துக்கும் பாலுக்கும் போக மீதியில் காய் வாங்கும் மூதாட்டிக்கு, அந்தக் கத்தரிக்காய்க் கூறு உயிர்நாடி.

வீடும் மாலையும்

ஆகாரம் வாழ்க்கையின் ஓர் அங்கமே. தனியாளின் மற்ற இடர்களும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. வாடகைக்கு வீடு தேடுபவரை நோக்கி எழும் முதற் கேள்வி, “குடும்பமா, தனியாளா?” என்பது. தனியாள் என்றால் வீடு இல்லை. ஆண் என்றால் கூட்டம் சேர்ப்பான் என்ற ஐயம், பெண் என்றால் யார் வருகிறார், எப்போது வருகிறார் என்ற கண்காணிப்பு. இரண்டுக்கும் மேலாக, அசைவம் சமைக்கலாகாது என்ற நிபந்தனை சில தெருக்களில் உண்டு. இந்நிலையில் கிடைக்கும் அறையில் அடுப்புக்கு இடமும், புகை போக வழியும், பாத்திரம் கழுவத் தொட்டியும் இருப்பதில்லை. சமைப்பதில்லை என்று தனியாளைக் குறைகூறுமுன், சமைக்க அவருக்கு இடம் கொடுத்தோமா என்று எண்ணிப் பார்ப்பது நியாயம். பணிபுரியும் பெண்களுக்கெனத் தமிழ்நாட்டரசு நடத்தும் தோழி விடுதிகள் போன்றவை, ஆசிரியையும் ஆலைப் பெண்ணும் வந்து தங்கும் இவ்விரு நகரங்களுக்கும் வருதல் வேண்டும்.

நோயுற்ற நாளில்தான் தனிமை முழு உருவத்தோடு எதிரே நிற்கும். காய்ச்சலில் கிடப்பவருக்கு அரிசியை வறுத்துக் குருணையாக்கி ஒரு டம்ளர் கஞ்சி வைத்துத் தர ஆளில்லாமற் போனால், சேமிப்பும் சம்பளமும் அந்த நேரத்துக்கு உதவுவதில்லை. இங்கே பக்கத்து வீட்டின் தயவு வேண்டியிருக்கிறது. அந்தத் தயவோ முன்னமே கொடுக்கல் வாங்கல் இருந்தாலன்றிக் கேட்டவுடன் வருவதன்று. அதிகமாக வைத்த ரசத்தில் ஒரு கிண்ணத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும், அவர்கள் கொடுத்த கிண்ணத்தை வெறுமனே திருப்பாமல் ஒரு பழத்தையாவது வைத்துத் திருப்புவதும் உபசாரம் மட்டுமல்ல. தனித்து வாழ்வோருக்கு அது காப்புறுதி.

மாலைப் பொழுதுக்கு இவ்வூர்கள் வகை செய்து வைத்திருக்கின்றன. 1875-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏற்பட்ட பென்னிங்டன் நூலகம், குடும்பமா தனியாளா என்று எவரையும் கேளாமல் இடமளிக்கும் ஸ்தாபனம். கோயிற் பிராகாரமும், ராஜபாளையத்து ஜவஹர் மைதானமும், டீக்கடைப் பெஞ்சும் அவ்வாறே. பகலெல்லாம் வேலையில் பேச்சு முடிந்துபோக, இரவில் சுவரைப் பார்த்து உண்ணும் ஒருவருக்கு, இடையில் வரும் இந்த ஒரு மணி நேரம் ஜீரணத்துக்கும் நல்லது, சித்தத்துக்கும் நல்லது.

முடிபு

இதுகாறும் கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படும். தனித்து வாழ்பவர் எல்லாவற்றையும் தாமே சமைக்கவேண்டும் என்பது வீண் வைராக்கியம். எதையும் சமைக்காமல் மூன்று வேளையும் கடையை நம்புவது உடலுக்கும் பணப்பைக்கும் கேடு. சோறு, ரசம், கீரை, முட்டை, மோர் ஆகியவற்றைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, மாவையும் புரோட்டாவையும் விருந்துப் பதார்த்தங்களையும் ஊரிடம் விடுவதே நடுவழி. ஊரும் தன் பங்குக்கு, கூறு கட்டி விற்கும் சிறு வியாபாரிகளைப் போக்குவரத்தின் பேரால் விரட்டாமல் நகராட்சி இடம் ஒதுக்குவதையும், மெஸ்காரர்கள் குழம்பையும் காயையும் தனித்து விற்பதையும், வீட்டுக்காரர்கள் அறையோடு ஓர் அடுப்பு மேடையைச் சேர்த்துக் கட்டுவதையும் கடமையாகக் கொள்ளவேண்டும்.

கடைசியாக, இந்த விஷயத்தின் வேர் வீட்டு வளர்ப்பில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் நாடெங்கும் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்கு 299 நிமிஷம் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிஷம். அப்படி ஈடுபட்ட ஆண்களோ நூற்றுக்கு 26 பேர்தான். எஞ்சிய 74 பேரில் ஒருவனாக வளரும் பிள்ளை, இருபத்திரண்டாம் வயதில் வேலைக்குப் போகும்போதோ, அறுபத்தைந்தாம் வயதில் மனைவியை இழந்து நிற்கும்போதோ, அடுப்பை எதிரியைப் போலப் பார்க்கிறான். தனிமையின் துன்பம் என்று அவன் சொல்வதில் பாதி, கற்காமல் விட்டதன் துன்பம். பிள்ளை ஊருக்குப் புறப்படும் நாளில் பெட்டிக்குள் பருப்புப் பொடி டப்பாவைத் திணிக்கும் தாய்மார், அதற்கு ஒரு மாதம் முந்தியே அவனை அடுப்படியில் நிறுத்தி, சோறு வடிக்கவும் ரசம் தாளிக்கவும் பழக்கிவிடுவார்களானால், டப்பா தீர்ந்தபிறகும் அவன் வயிறாரச் சாப்பிடுவான்.